இருபத்து மூன்று பேர் வெட்டிய தலை

காலை ஒன்பது மணிக்கு ஸ்டுடியோவைத் திறக்க வந்த சுந்தர்ராஜ், தன் ஷோகேஸ் கண்ணாடியில் ஒரு பெண் நெற்றியை முட்டி முட்டி அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார். தேனி பஜாரில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். மீதிப் பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏ ஆத்தா, கண்ணாடி ஒடஞ்சு கிழிச்சிரும். தள்ளி உக்காரு. என்ன சங்கதி?"

"எம் புருசன் தல சாமி! இருபது நாளா ஊரு ஊராத் தேடுறேன். கெணறு கெணறா எட்டிப் பாக்குறேன். இங்கன தொங்குது பாருங்க, எம் புருசன் தல!"

அவள் காட்டிய படம் சுந்தர்ராஜின் சொந்தத் தயாரிப்பு. கிரீடமும் ஜரிகை அங்கியும் போட்ட ஒரு ராஜகுமாரன். வலது கையில் வாள். இடது கையில், முடியைப் பிடித்துத் தூக்கிய ராட்சசன் தலை. கழுத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். ராஜகுமாரனாக நிற்பவன் பக்கத்து ஊரான புளியங்கரட்டு விவசாயி கர்ணன். தலை அதே ஊர் அம்மாவாசியுடையது. அழுகிறவள் அம்மாவாசியின் மனைவி இருளம்மாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நிமிஷம் சுந்தர்ராஜுக்கு முதலில் வந்தது பெருமை. இரக்கம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. பதினெட்டு வருஷமாகக் கத்தரிக்கோலோடும் பசையோடும் மல்லுக்கட்டுகிறார். குதிரைக்குக் கழுத்து கோணல், ராஜகுமாரி தாமரைக்குள் இருக்கிற மாதிரி இல்லை, முட்டைக்கோசுக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னவர்கள்தான் அதிகம். ஒரு படத்தை நிஜமென்று நம்பி ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுவது இதுதான் முதல் தடவை.

அப்புறம் அவளுடைய நெற்றியைப் பார்த்தார். வீங்கியிருந்தது. பெருமை போன இடம் தெரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குச் சுந்தர்ராஜ் கொட்டகை போடுவார். கதைப்படம் எடுப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. பறக்கும் குதிரை, தாமரை ராஜகுமாரி, கிளி மேல் குழந்தை, ராட்சசன் தலை என்று அட்டையில் ஒட்டி வைத்திருப்பார். ராட்சசன் தலை கேட்டால், ஆளுக்கு கிரீடம் மாட்டி, கையில் ஒரு குடுமித் தேங்காயைக் கொடுத்துப் படம் எடுப்பார். பிறகு டார்க் ரூமில் தேங்காயைக் கத்தரித்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தலையை ஒட்டி, பிசிறெல்லாம் டச்சிங் செய்து, மறுபடி படம் எடுத்து அச்சுப் போடுவார். மனைவி ஞானபாக்கியம் வர்ணம் தீட்டுவாள். ரத்தம் அவள் பொறுப்பு.

அந்தத் தலைக்காக இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் பிடித்த ஆள்தான் அம்மாவாசி. முட்டைக் கண், கற்றை மீசை, எட்டூருக்குப் பல். இரண்டு பரோட்டாவைத் தின்றுவிட்டு, சொன்னபடியெல்லாம் முழித்துக் காட்டினான். "வீட்டுல சொல்லிறாதீக, சிரிப்பா" என்று மட்டும் கேட்டுக்கொண்டான். அதனால் இருளம்மாளுக்கு ஒன்றும் தெரியாது.

சுந்தர்ராஜ் அவசரமாகக் கதவைத் திறந்து, ஷோகேஸிலிருந்து படத்தை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். அவள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான்.

"பாத்தீகளாய்யா, போட்டாவ ஒளிக்கிறாரு!" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

அடுத்த கால் மணி நேரத்தில் ஏட்டு சுருளியாண்டி வந்து டிராயரைத் திறக்கச் சொன்னார்.

"ஏட்டையா, இது கட்டிங் வேலை. நெசத் தலை இல்ல. அம்மாவாசி எங்கிட்ட வந்து உக்காந்து எடுத்த முகம்."

"அப்ப அம்மாவாசி ஒங்ககிட்ட வந்திருக்கான்."

"வந்தான்."

"அதுக்கப்புறம் ஆளைக் காணோம்."

"ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்தான்யா!"

"எல்லாத்தையும் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. படத்தையும் எடுத்துக்கங்க. மடிக்காம."

ஸ்டேஷனுக்கு இவர் போவதற்குள் கர்ணனைக் கொண்டுவந்து லாக்கப்பில் போட்டிருந்தார்கள். விசாரித்த லட்சணம் அவன் உதட்டில் தெரிந்தது. கர்ணனுக்கும் அம்மாவாசிக்கும் ஒரே கூட்டுக் கிணறு. தண்ணீர் முறையில் ஓயாத சண்டை. ஆடி மாதம் ஊர் மந்தையில் வைத்து, "ஒந் தலைய எடுக்கல, எம் பேரு கர்ணன் இல்லடா" என்று கர்ணன் சொன்னதைப் புளியங்கரடே கேட்டிருக்கிறது. நாலாம் நாள் அம்மாவாசியைக் காணவில்லை. இப்போது கர்ணன் தலையும் கையுமாக நிற்கிற படம் வேறு.

சுந்தர்ராஜைப் பார்த்ததும் கர்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அண்ணே, திருவிழாவுல ஆசைக்கு எடுத்த படம்ணே. ஒங்க படத்தால நான் தூக்குல தொங்கப் போறேன். மூணும் பொம்பளப் புள்ளைக."

சுந்தர்ராஜ் அந்தப் படம் எடுத்த நாளை நினைத்துப் பார்த்தார். சித்திரையில் இவனுக்குப் பறக்கும் குதிரையைத்தான் முதலில் காட்டினார். வேண்டாம், ராட்சசன்தான் வேண்டும் என்று கர்ணன் பிடிவாதமாகச் சொன்னான். தானாவது கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றியது. போதாததற்கு, இருப்பதிலேயே நன்றாக வந்த படம் என்று பெரிதாக்கி ஷோகேஸில் மாட்டியதும் அவர்தான். ஒரு அப்பாவியின் கழுத்தில் தன் கையாலேயே கயிற்றை மாட்டிவிட்டோம், எப்படியாவது கழற்றியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தார்.

இன்ஸ்பெக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஒட்டு வேலைன்னா எங்க ஒட்டியிருக்கு, காட்டுங்க."

பதினெட்டு வருஷமாக எந்தக் குறைகளையெல்லாம் இல்லவே இல்லை என்று வாடிக்கையாளரிடம் சாதித்தாரோ, அவற்றை ஒவ்வொன்றாக அவரே தொட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

"கர்ணன் மேல வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழுது சார். தலைக்கு இடப்பக்கமிருந்து விழுது. இந்த மீசைக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒரு கோடு தெரியுது பாருங்க. பெரிய தப்பு. அப்புறம் தலை, உடம்புக்கு ரொம்பப் பெருசு."

"அவன் தலையே பெருசுதான்" என்றார் ஏட்டு.

"ரத்தம் சொட்டுது, ஆனா தரையில ஒரு சொட்டுக்கூட இல்ல சார்."

"மண்ணு உறிஞ்சியிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கு ஒரு குறையும் தெரியல. நல்லாத்தான் வேலை பாத்திருக்கீங்க."

வாழ்நாளெல்லாம் காத்திருந்த பாராட்டு இப்படி ஒரு இடத்தில் வந்து வாய்த்தது. சுந்தர்ராஜ் நொந்துபோய் வெளியே வந்தார். குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். தலைமையாசிரியர் ஞானசிகாமணி. இவர் போகிற சர்ச்சுக்குத்தான் அவரும் வருவார். இதே ராட்சசன் தலையோடு படம் எடுத்துக்கொண்டு, மூன்று தடவை திருப்பி அனுப்பியவர். மூன்று தடவையும் பின்பக்கத்தில் சிவப்பு மையில் பிழைகளை வரிசையாக எழுதியிருந்தார்.

"சார், அன்னைக்கு எனக்கு எழுதுன குறையெல்லாம் ஸ்டேஷன்ல வந்து ஒரு தடவை சொல்லுங்க. ஒரு உசுரு தப்பிக்கும்."

தலைமையாசிரியர் உற்சாகமாகக் கிளம்பினார். ஸ்டேஷன் வாசல் வரைக்கும் அந்த உற்சாகம் இருந்தது. உள்ளே லாக்கப்பையும் கர்ணனின் உதட்டையும் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அதே தலை தன் வீட்டு நடுக்கூடத்திலும் தொங்குவது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் படத்தை நீட்டினார். "இதுல என்ன குறை தெரியுது?"

ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "குறையா? தத்ரூபமா இருக்கு."

"சார்!" என்று அலறினார் சுந்தர்ராஜ்.

"இப்படிப்பட்ட படத்தை நான் இதுக்கு முன்னால பாத்ததே இல்லை."

சுந்தர்ராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. ஓடிப்போய் ஸ்டுடியோ ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்.

"பாருங்க சார்! இதே தலை இவுக வீட்டுலயும் இருக்கு! ரெண்டு வருசத்துல மொத்தம் இருபத்து மூணு பேரு இந்தத் தலையோட படம் எடுத்திருக்காக. பேரு, ஊரு, தேதி எல்லாம் இருக்கு. இருபத்து மூணு பேருமா அவனைக் கொன்னிருப்பாக?"

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ஏட்டு, இருபத்து மூணு பேரையும் படத்தோட வரச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் வந்தார்கள். பாங்க் கேஷியர், கம்பவுண்டர், பஸ் கண்டக்டர், வைகை அணையில் வேலை பார்க்கும் ஓவர்சியர், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத மாப்பிள்ளை ஒருவர். எல்லாரும் படத்தை நியூஸ் பேப்பரில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் சுந்தர்ராஜை ஒரே மாதிரி முறைத்தார்கள். படங்களை மேஜை மேலும் பெஞ்சு மேலும் பரப்பியபோது ஸ்டேஷனில் இருபத்து மூன்று ராஜகுமாரர்கள் வாளோடு நின்றார்கள். பயம் தெளிந்ததும் ஒருவர் படத்தை ஒருவர் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஒங்களுக்கு மட்டும் ரத்தம் நல்ல செவப்பா வந்திருக்கு. எனக்கு ரசம் மாதிரி இருக்கே" என்றார் கம்பவுண்டர்.

"எனக்குத் தலையத் திருப்பி ஒட்டிட்டாக. ராட்சசன் என்னையே பாத்துக்கிட்டிருக்கான். எம் பொஞ்சாதி அந்தப் படத்தை மாட்டவே விடல" என்றார் கண்டக்டர்.

"நேத்து வரைக்கும் இதையெல்லாம் சொல்ல யாருக்கும் வாய் வரலையே" என்று சுந்தர்ராஜ் முணுமுணுத்தார்.

அடையாளம் காட்ட இருளம்மாளை உள்ளே கூட்டிவந்தார்கள். அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாவற்றிலும் அதே முகம், ஒவ்வொருவர் கையிலும். ஏழாவது படத்துக்கு வந்தபோது அவள் சத்தமில்லாமல் தரையில் சரிந்தாள். கம்பவுண்டர் தண்ணீர் தெளித்தார். அதற்கப்புறம் ரத்தத்தின் நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

"சரி. ஒட்டு வேலைதான், ஒத்துக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். சுந்தர்ராஜ் மூச்சு விட்டார். "ஆனா இந்தக் கர்ணன் படத்துக்குத் தேதி சித்திரைன்னு போட்டிருக்கு. ஆள் காணாமப் போனது ஆடி. மூணு மாசம் முன்னாடியே திட்டம் போட்டு, எப்படி வெட்டறதுன்னு படமும் எடுத்துப் பாத்திருக்கான். இதுவரைக்கும் எனக்கு அதுதான் கிடைக்காம இருந்தது. நல்ல சாட்சி கொண்டாந்தீங்க."

ரிஜிஸ்டரை அவர் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"சார், அம்மாவாசி கோவிச்சுக்கிட்டு மலைக்கு ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போறது வழக்கம்தான். ஊருல கேட்டுப் பாருங்க. உசுரோட இருப்பான்."

"உசுரோட இருந்தா காட்டுங்க. அடுத்த நிமிஷம் இவனைத் தொறந்து விடறேன்."

அன்று மத்தியானம் கர்ணன் மனைவி மூக்கம்மாள் மூன்று பெண்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கிளி மேல் குழந்தைக்கான மரக்கிளியில் கடைசிப் பெண் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்கதாண்ணே வழி சொல்லணும்" என்றாள் மூக்கம்மாள். "வேற யாரு வீட்டு வாசல்ல போயி நிப்பேன்?"

மறுநாளே சுந்தர்ராஜ் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுக் குமுளிக்குப் பஸ் ஏறினார். நாலு நாள் எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்தார். அட்டை கடித்தது. மழை பெய்தது. அம்மாவாசி மாதிரி ஆளைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். போய்ப் பார்த்தால் அவன் மலையாளி, மீசையும் இல்லை. இன்னொருவன், "அப்படியாப்பட்ட ஆளு போன வாரம்தான் வண்டிப்பெரியாறு பக்கம் போனாரு" என்றான். அதை அவர் நம்பினார். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. ஏலக்காய் காயப்போட்டிருந்த ஒரு களத்தை மட்டும் கேமராவில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"ஆளு மலையில எங்கனயோ இருக்கான், பாக்கியம்" என்றார் மனைவியிடம். "என் கையில சிக்கல. அவ்வளவுதான். இருக்கிற ஆளை இருக்கிறான்னு காட்டுறதுல என்ன பொய் இருக்கு?"

ஞானபாக்கியம் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இருக்கானான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"செத்திருந்தா இந்நேரம் பொணம் கெடைச்சிருக்காதா?"

ஞானபாக்கியம் தூரிகையைத் துடைத்து எடுத்து வைத்தாள்.

வேலை ஆரம்பமானது. உடம்புக்கு சுந்தர்ராஜே நின்றார். ஞானபாக்கியம் கேமராவை அமுக்கினாள். முகம்தான் பெரிய பாடு. அம்மாவாசிக்கு இவரிடம் இருந்தது ஒரே முகம், அதுவும் ராட்சச முகம். கோரைப் பல்லைச் சுரண்டி எடுத்தார். முழியைப் பாதியாகக் குறைத்தார். விரிந்த வாயைப் பென்சிலால் மூடினார். எவ்வளவு மூடியும் உதட்டோரம் மேலேயே ஏறி நின்றது. கடைசியில் ராட்சசன் போய், அம்மாவாசி வாயெல்லாம் சிரிப்பாக, இஸ்திரி போட்ட சட்டையில், ஏலக்காய்க் களத்தில் நின்றான்.

"ரொம்பச் சந்தோசமா இருக்கானே" என்றாள் ஞானபாக்கியம்.

"உசுரோட இருக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

படத்தைத் தபால் உறையில் போட்டு, இருளம்மாள் பேரெழுதி, ஏலக்காய் லாரி டிரைவர் ஒருவரிடம் கொடுத்து, குமுளித் தபாலாபீசில் போடச் சொன்னார். உள்ளே, 'நலம். தேட வேண்டாம்' என்று இடது கையால் எழுதிய இரண்டு வரி. மூன்றாம் நாள் தபால் புளியங்கரட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலமே இருளம்மாள் அந்தப் படத்தோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். ஒட்டு வேலையா என்று பார்த்துச் சொல்ல, கையோடு சுந்தர்ராஜையும் கூப்பிட்டு அனுப்பினார் இன்ஸ்பெக்டர். கர்த்தரை மனதில் நினைத்துக்கொண்டு சுந்தர்ராஜ், "சுத்தமான ஒரிஜினல் சார்" என்றார்.

இருளம்மாள் படத்தை மேஜையில் வைத்து விரலால் குத்தினாள்.

"இது என்னங்க?"

"உன் புருஷன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது தெரியுது. இது யாரு கை?"

சுந்தர்ராஜ் குனிந்து பார்த்தார். களத்துப் படத்தில் பின்னால் ஏலக்காய் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வெட்டி எறிந்திருந்தார். அவளுடைய கை மட்டும் தப்பிவிட்டது. வளையல் போட்ட அந்தக் கை, அம்மாவாசியின் தோளில் உரிமையோடு கிடந்தது. இரண்டு நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தவர் கண்ணில் படாத கை, இவள் கண்ணில் ஒரே பார்வையில் பட்டுவிட்டது.

"பதினோரு வருசம் எங்கூட இருந்தாரு" என்றாள் இருளம்மாள். "ஒருநாள் இப்படிச் சிரிச்சதில்ல. ஒருநாள் இப்படி சட்டைய இஸ்திரி போட்டு உடுத்துனதில்ல. நான் இங்கன பொணத்தத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறேன். இவுக அங்கன கைய மேல போட்டுக்கிட்டுப் போட்டாவுக்கு நிக்கிறாக!"

"அப்ப இது உன் புருஷன்தான்னு எழுதிக்கலாமா?"

"எழுதுங்க. உசுரோட இருக்காரு. நல்லா இருக்காரு. எழுதுங்க!"

அவள் கைநாட்டு வைத்தாள். இன்ஸ்பெக்டர் படத்தை லாக்கப்புக்கு எடுத்துப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து காட்டினார். "ஆள் கிடைச்சிட்டான்யா. உன் அதிர்ஷ்டம்." கர்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு ஏட்டுக்குப் பின்னால் நின்ற சுந்தர்ராஜைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். சுந்தர்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்தபோது இருளம்மாள் இன்ஸ்பெக்டரிடம் படத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"அங்கன போயி ஒவ்வொரு தோட்டமாக் காட்டிக் கேக்கணும். ஆளக் கண்டுபிடிச்சு, அந்தக் கைக்காரி முன்னாடியே தாலியக் கழட்டி மூஞ்சில எறிஞ்சிட்டுத்தான் வருவேன்."

மறுநாள் அவள் குமுளிக்குப் பஸ் ஏறினாள். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுப் போனாள். கிணறு முழுக்கக் கர்ணனுக்கு வந்தது.

"ஒரு பொம்பள தாலியக் காப்பாத்த இன்னொரு பொம்பள தாலிய அறுத்துட்டீக" என்றாள் ஞானபாக்கியம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ராட்சசன் தலைக்கு இனி ரத்தம் தீட்ட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

"அம்மாவாசி திரும்பி வரட்டும். நானே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு அந்தம்மா கால்ல விழுறேன்" என்றார் சுந்தர்ராஜ்.

அவர் அப்படித்தான் நாளை ஓட்டினார். என்றைக்காவது ஒருநாள் அம்மாவாசி மலையிலிருந்து இறங்கி வருவான், விஷயம் கேள்விப்படுவான், நேரே ஸ்டுடியோவுக்கு வந்து சட்டையைப் பிடிப்பான். அவன் அடித்தால் திருப்பி அடிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். மீசைக்காரன் யாராவது வாசலில் வந்து நின்றால் பயத்தோடும் ஆசையோடும் எழுந்திருப்பார். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவனாக இருப்பான். ஏலக்காய் லாரி டிரைவர் வரும்போதெல்லாம் சேதி சொல்வார். இருளம்மாள் வண்டிப்பெரியாறைத் தாண்டிவிட்டாளாம். எஸ்டேட்டில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் படத்தை மடியில் கட்டிக்கொண்டு அடுத்த எஸ்டேட்டுக்கு நடக்கிறாளாம். படம் ஓரமெல்லாம் மடங்கிப்போய்விட்டதாம். அதைக் கேட்ட அன்று சுந்தர்ராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் கர்ணனை நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். மூன்று பெண்பிள்ளைகளுக்கு அப்பன் தப்பித்தானே என்று நினைத்துக்கொள்வார்.

கார்த்திகை மாதம் ஒருநாள் காலையில் மூக்கம்மாள் வந்தாள். தனியாக வந்தாள். ஒரு பை நிறைய மொச்சைக்காய் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். "இந்த வருசம் தண்ணிக்குக் குறைச்சல் இல்ல, நல்ல காய்ப்பு" என்றாள்.

"கர்ணன் எப்படிம்மா இருக்கான்?"

"ஆளு பாதியாப் போயிட்டாகண்ணே. சோறு எறங்கல. கண்ண மூடுனாப் பதறி எந்திரிச்சு உக்காந்துக்கிறாக."

"ஸ்டேஷன்ல பட்ட அடி அப்படி. ஆறிரும்."

சுவரில் மாட்டியிருந்த கதைப்பட அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, எனக்கு ஒரு படம் வேணும். அந்த ராட்சசன் தல மட்டும். தனியா, பெருசா. பல்லு, ரத்தமெல்லாம் வேண்டாம். நெத்தி நெறையத் திருநீறு பூசி, நல்ல முகமாப் போட்டுக் குடுங்க."

"அது என்னத்துக்கும்மா ஒங்களுக்கு?"

"தோட்டத்துல வேப்பமரத்தடியில கல்லு ஊண்டியிருக்கோம். வெள்ளிக்கிழமை படையல் போடணும். எங்க வீட்டுக்காரவுக கையாலதான் போடணுமாம். குறி பாத்த கோடாங்கி சொல்லிட்டாரு."

சுந்தர்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல கோடாங்கி! உசுரோட மலையில சுத்துற ஆளுக்கு யாராவது கல்லு ஊண்டிப் படையல் போடுவாகளா?"

மூக்கம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பிறகு மேஜைக்கு நெருங்கி வந்து, நன்றியும் உரிமையுமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"நமக்குள்ள எதுக்குண்ணே இந்தப் பேச்சு? செத்தவனக் கொண்டுபோயிக் குமுளியில நிக்க வச்சு எங்க வீட்டுக்காரவுகளக் காப்பாத்துனதே நீங்கதான?"